எப்போதிருந்து?

சென்ற இதழில் அடுத்தடுத்து வந்த இரண்டு கட்டுரைகளைப் பற்றி எழுதியாக வேண்டியிருக்கிறது. எழுதியவர்கள் இருவரும் நண்பர்கள். பெயர் அவசியமில்லை. இந்தப் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கும் இருநூற்றுச் சொச்சம் பேருக்கும் தெரியும். இரவல் வாங்கிப் படிக்கும் மற்றவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

முதல் நண்பரின் தகப்பனார் கடைசி ஆறு வருஷம் மகனை அடையாளம் தெரியாமல் இருந்து காலமானவர். நண்பருக்கு இப்போது ஐம்பத்தெட்டு. அமெரிக்காவிலிருந்து வந்த மருமான் ஒரு சின்னக் குழாயைக் கொடுத்து அதில் எச்சில் துப்பச் சொல்லியிருக்கிறான். சில வாரம் கழித்துப் பதில் வந்தது. ஏபிஓஈ என்கிற மரபணுவில் நான்காம் வகைப் பிரதி ஒன்று இவரிடம் இருக்கிறது. தாள் சொன்னது அவ்வளவுதான். அதிலிருந்து நண்பர் பன்னிரண்டு பக்கம் எழுதிவிட்டார். பாட்டி சொன்ன தலையெழுத்தை விஞ்ஞானம் இப்போது அச்சடித்துக் கொடுத்துவிட்டது. இனி எழுதுவதெல்லாம் வீண். ஞாபகமே இலக்கியத்தின் மூலதனம் என்னும்போது மூலதனம் போகப்போகிறவன் எதற்கு எழுத வேண்டும் என்பது சாரம். நல்ல உரைநடை. இரண்டு இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனாலும் கட்டுரை தப்பு.

இரண்டாம் நண்பர் சுதேசி. இதெல்லாம் மேல்நாட்டு வியாதி, தனிக் குடித்தனத்தின் வியாதி, நம் கூட்டுக் குடும்பத்தில் கிழவர்களுக்கு இது வருவதில்லை, வந்தாலும் அது வியாதி இல்லை என்கிறார். ஹரியானாவில் பல்லப்கர் என்ற ஊரில் வெள்ளைக்காரர்களே வந்து எண்ணிப் பார்த்து வியந்து போனார்கள் என்று ஆதாரமும் தருகிறார். ஆதாரம் நிஜம். அவர் அதை வாசித்த விதம்தான் பொய்.

ஒருவர் தன் ஜாதகத்தில் சனி இருக்கிறது என்று அழுகிறார். மற்றவர் நம் தேசத்து ஜாதகமே சுத்த ஜாதகம் என்று மார் தட்டுகிறார். ஜாதகம் என்று ஒன்று இருப்பதாக இருவருமே நம்புகிறார்கள். எந்த டாக்டரும் முதலில் கேட்கிற சாதாரணக் கேள்வியை இருவரும் கேட்கவில்லை: "எப்போதிருந்து?"

அந்தக் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது.

ஏபிஓஈ என்பது பத்தொன்பதாம் குரோமோசோமில் இருக்கும் மரபணு. மூன்று வகை: இரண்டு, மூன்று, நான்கு என்று பெயர். தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரதி. மூன்றாம் வகைதான் உலகெங்கும் அதிகம். 1993-இல் அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகக் குழு ஒன்று, முதுமையில் அல்ஸைமர் கண்ட 42 குடும்பங்களைப் பார்த்துவிட்டு ஒரு கணக்குச் சொன்னது. நான்காம் வகை ஒன்றும் இல்லாதவர்களுக்கு நோய் தொடங்கிய சராசரி வயது 84. இரண்டு பிரதியும் நான்காம் வகையாக இருந்தவர்களுக்கு 68. நடுவே பதினாறு வருஷம். நண்பர் கவனிக்கத் தவறியது இதைத்தான். இந்த மரபணு பேசுகிற பாஷை 'வரும், வராது' என்ற பாஷை இல்லை. 'முன்னே, பின்னே' என்ற பாஷை. அதுவும் சராசரியில் பேசுகிறது. நோயால் ஏற்கெனவே அடிபட்ட குடும்பங்களில் எடுத்த சராசரி அது. நான்காம் வகையை வைத்துக்கொண்டு தொண்ணூறு வயதில் பேப்பர் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள்; அது ஒன்றுகூட இல்லாமல் எழுபதில் எல்லாவற்றையும் மறந்தவர்களும் இருக்கிறார்கள். தலையெழுத்து இப்படிப் பேசுமா? தலையெழுத்து என்றால் சாய்ஸ் கிடையாது.

கிட்டத்தட்டத் தலையெழுத்து போலவே நடக்கிற மரபணுக்களும் உண்டு. மறைப்பானேன்? பிரிஸெனிலின்-1 என்று ஒன்று, பதினான்காம் குரோமோசோமில். அதில் குறிப்பிட்ட திரிபு இருந்தால் நாற்பது ஐம்பது வயதிலேயே நோய் வந்துவிடும். மொத்த அல்ஸைமர் நோயாளிகளில் இப்படிப்பட்டவர்கள் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் ஆன்டியோக்கியா மலைப் பிரதேசத்தில் ஒரே திரிபைச் சுமக்கிற பெரிய சொந்தக்காரக் கூட்டம் ஒன்று இருக்கிறது. ஊரார் அந்த நோயை 'லா போபெரா' என்பார்கள். அசட்டுத்தனம் என்று அர்த்தம். ஃப்ரான்ஸிஸ்கோ லொபேரா என்ற நரம்பியல் டாக்டரும் லூசியா மத்ரிகால் என்ற நர்ஸும் 1980-களிலிருந்து அந்தக் கிராமங்களுக்குப் போய், மாதா கோயில்களின் ஞானஸ்நான, மரணப் பதிவேடுகளைப் புரட்டி, தலைமுறை தலைமுறையாக வம்சாவளி எழுதினார்கள். கணக்கு கடிகாரம் போல வந்தது. சராசரியாக 44-இல் தடுமாற்றம், 49-இல் முழு நோய்.

அங்கேயும் தலையெழுத்தில் ஓட்டை விழுந்தது. 2019-இல் ஒரு பெண்மணியைப் பற்றி வெளியிட்டார்கள். அதே திரிபு உடம்பில் இருந்தும் அவருக்கு எழுபது தாண்டித்தான் தடுமாற்றம் தொடங்கியிருக்கிறது. காரணம் என்று அவர்கள் சந்தேகித்தது இன்னொரு மரபணு. அது வேறெதுவும் இல்லை, நண்பரைப் பன்னிரண்டு பக்கம் அழவைத்த அதே ஏபிஓஈதான். அதில் 'கிறைஸ்ட்சர்ச்' என்ற அபூர்வ வகை இந்தப் பெண்மணிக்கு இரண்டு பிரதியாக இருந்தது. 2024-இல் அதே சொந்தக்காரக் கூட்டத்தில் ஒரு பிரதி மட்டும் உள்ள 27 பேரைப் பற்றி எழுதினார்கள். மற்றவர்களுக்கு 47-இல் தொடங்கிய தடுமாற்றம் இவர்களுக்கு 52-இல் தொடங்கியது. ஐந்து வருஷம். அந்த ஐந்து வருஷத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டியிருக்கும். லொபேரா அதே 2024-இல் இறந்துபோனார்.

ஆக, மரபணு விஷயத்தில் எல்லாக் கணக்கும் ஒரு தேதியின் மேல் நிற்கிறது: நோய் தொடங்கிய தேதி. அந்தத் தேதியை யார் சொன்னது? கொலம்பியாவில் நோய் வருவதற்கு முன்பிருந்தே ஆட்களைத் தேடிப் போய், வருஷக் கணக்காகப் பரீட்சை வைத்து எழுதினார்கள். அதனால் அந்தத் தேதிக்கு ஒரு யோக்கியதை உண்டு. மற்ற இடங்களில்? வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். ஆதியிலிருந்தே அப்படித்தான். இந்த நோயின் முதல் நோயாளி என்று சரித்திரத்தில் இடம்பெற்றுவிட்ட ஆகுஸ்டே டேட்டர் 1901 நவம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் மனநோய் மருத்துவமனைக்கு வந்தபோது வயது 51. முதலில் தென்பட்ட மாற்றம் என்று கேஸ் கட்டில் இருப்பது மறதி இல்லை. புருஷன் மேல் சந்தேகம். அந்தத் தகவல் போனது புருஷன் வீட்டிலிருந்து. அந்த அம்மாளைக் கேட்டிருந்தால் வேறு தேதி வந்திருக்கலாம். அவர் 1906-இல் இறந்து, அதே வருஷம் நவம்பரில் அல்ஸைமர் டூபிங்கனில் மூளையைப் பற்றிப் பேசி, 1910-இல் கிரெப்பலின் நோய்க்கு அல்ஸைமர் பெயரை வைத்தார். இந்த அம்மாளின் மூளைச் சீவல்களில் பிரிஸெனிலின் திரிபு இருக்கிறது என்று 2013-இல் ஒரு குழு எழுதியது. நாங்கள் தேடினோம், காணவில்லை என்று 2014-இல் இன்னொரு குழு எழுதியது. முதல் நோயாளிக்கே மரபணு ஜாதகம் இன்னும் சரியாகக் கணிக்கப்படவில்லை.

இன்னும் ஒன்று. பெயர் வைத்த பிறகு அறுபது வருஷத்துக்கு மேல், 65 வயதுக்கு முன் வந்தால்தான் அதற்கு அல்ஸைமர் என்று பெயர். பின்னால் வந்தால் வெறும் கிழட்டுத்தனம். இரண்டும் ஒன்றே என்று ராபர்ட் காட்ஸ்மன் உரக்கச் சொன்னது 1976-இல். அதுவரை வியாதிக்குப் பெயர் உண்டா இல்லையா என்பதையே 'எப்போது' என்ற கேள்விதான் தீர்மானித்திருக்கிறது.

இனி சுதேசி நண்பர். பல்லப்கரில் எண்ணியபோது அல்ஸைமர் மிகக் குறைவாக இருந்தது உண்மை. ஏபிஓஈ நான்காம் வகையும் அங்கே குறைவு. அமெரிக்காவில் மொனொங்கஹேலா பள்ளத்தாக்கில் நூற்றுக்கு 11 என்றால் பல்லப்கரில் 7. இத்தோடு நண்பர் பக்கத்தை மூடிவிட்டார். அடுத்த வரி அவர் கண்ணில் படவில்லை. நான்காம் வகை எவரிடம் இருந்ததோ அவர்களுக்கு அது செய்த கெடுதல் இரண்டு ஊரிலும் ஒரே அளவு. கூட்டுக் குடும்பம் மரபணுவை ஒன்றும் செய்துவிடவில்லை.

அந்த ஆராய்ச்சிக்காரர்கள் பட்ட பாடு என்ன என்பதையும் அவர் யோசிக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத கிழவியிடம் இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டு நோயைக் கண்டுபிடிக்க முடியுமா? அதற்காகத் தனியாக ஹிந்தியில் கேள்விகள் செய்தார்கள். அன்றாடக் காரியங்களைப் பற்றி அந்தக் கிராமத்துக்கென்றே ஒரு பட்டியல் செய்தார்கள். மருமகள்கள் எல்லாக் காரியத்தையும் வாங்கிக்கொண்டுவிட்ட வீட்டில், கிழவியால் எது முடியவில்லை என்று எப்படித் தெரியும்? ஒன்றும் செய்ய வேண்டாத இடத்தில் ஒன்றும் தவறுவதில்லை.

ஹரியானா எதற்கு? நம் வேலூருக்கு வருவோம். உலகத்தில் டிமென்ஷியா உள்ளவர்களில் நூற்றுக்கு 66 பேர் வளரும் நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் பத்தில் ஒரு பங்குகூட அவர்களைப் பற்றி இல்லை என்று 1998-இல் கொச்சியில் கூடித் தொடங்கிய குழு ஒன்று உண்டு. அந்தக் கணக்கையே பெயராக வைத்துக்கொண்டார்கள்: 10/66. சென்னையிலும் வேலூர்க் கிராமங்களிலும் அவர்கள் வீடு வீடாகப் போனார்கள். 2008-இல் முடிவு வந்தது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் வழக்கமான அளவுகோலை வைத்தால், இந்தியக் கிராமப்புறத்தில், அதாவது வேலூரில், 65 வயதுக்கு மேல் நூற்றுக்கு 0.3 பேருக்கு டிமென்ஷியா. கியூபாவில் 6.3. சுதேசி நண்பர் இதைப் பார்த்திருந்தால் தேங்காய் உடைத்திருப்பார். ஆனால் அந்தக் குழு தாங்களே செய்த இன்னொரு அளவுகோலையும் கையில் வைத்திருந்தது. அதை வைத்தபோது அத்தனை ஊர்களும் 5.6-க்கும் 11.7-க்கும் நடுவே வந்து உட்கார்ந்துவிட்டன. நோய் இருந்தது. அளவுகோல்களுக்கு நடுவே காணாமல் போனவர்கள் உட்கார, நடக்க, குளிக்க மற்றவர்கள் கையை நம்பி வாழ்ந்துகொண்டிருந்த நிஜ மனிதர்கள். ஏன் காணாமல் போனார்கள்? வழக்கமான அளவுகோலின்படி வீட்டில் உள்ளவர் வாயைத் திறந்து, ஆமாம், இவர் முன்போல் இல்லை, காரியங்கள் கெட்டுப்போகின்றன என்று சொல்ல வேண்டும். நம் வீடுகளில் அதைச் சொல்வதில்லை.

நண்பரே, உங்கள் கூட்டுக் குடும்பம் நோயைத் தடுக்கவில்லை. சாட்சியைத் தடுத்திருக்கிறது.

இதை நான் புத்தகத்தில் படித்துவிட்டுச் சொல்லவில்லை.

என் அம்மா 1942-இல் பிறந்தவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து திருவல்லிக்கேணியில் ஒரே ஒண்டுக்குடித்தனம். காலையில் குளத்தைச் சுற்றிக்கொண்டு பார்த்தசாரதி கோயில், திரும்பும்போது மாட வீதியில் காய்கறி. 2016-இல் வீட்டை இடிக்கக் கொடுத்தார்கள். அண்ணா வேளச்சேரியில் ஃபிளாட் பார்த்தான். குடிபோன நாலாம் நாள் அம்மா கீழே இறங்கி, கோயில் எந்தப் பக்கம் என்று வாட்ச்மேனிடம் கேட்டுவிட்டு, பைபாஸ் ரோடு பக்கம் நடந்து போய்விட்டாள். சாயங்காலம் போலீஸ்காரர் கூட்டி வந்தார். டாக்டரிடம் போனோம்.

"எப்போதிருந்து?"

"போன வாரத்துலேர்ந்து டாக்டர். வீடு மாத்தினோம், அதுலேர்ந்துதான்" என்றான் அண்ணா. தங்கை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் ஆமாம் என்றேன். டாக்டர் எழுதிக்கொண்டார்: 74 வயது.

பொய். திருவல்லிக்கேணியில் அம்மா வழி தவறியது எத்தனையோ தடவை. தெரியாமல் இருந்ததற்குக் காரணம் தெரு. குளக்கரைப் பூக்காரம்மா, "மாமி, இந்தப் பக்கம் மாமி" என்று தோளைப் பிடித்துத் திருப்பி விடுவாள். காய்கறிக்காரர் இரண்டாம் தடவை வாங்கியதைத் தானே எடுத்து வைத்துக்கொண்டு, பணத்தை எங்களிடம் திருப்பித் தருவார். நாற்பத்தைந்து வருஷப் பழக்கத்தில் கால் தானாக நடந்தது. கால் தவறினால் தெரு நடத்தியது. வேளச்சேரியில் தெரு கிடையாது, ரோடுதான் உண்டு. அம்மாவுடைய மரபணு அந்த நாலு நாளில் மாறிவிடவில்லை. நோய் தொடங்கிய தேதியை மரபணு எழுதியதா, இல்லை வீட்டு இடிப்பு ஒப்பந்தம் எழுதியதா?

தங்கை தரையைப் பார்த்த காரணம் வேறு. 2014-இல் அவள் பெண்ணைப் பார்க்க வந்திருந்தார்கள். பிள்ளையின் தகப்பனார் காப்பியை உறிஞ்சிக்கொண்டே, குடும்பத்தில் சர்க்கரை, மனக்கோளாறு மாதிரி ஏதாவது உண்டோ என்று நாசூக்காகக் கேட்டார். அந்த நேரம் அம்மா உள் அறையில் இருந்தாள். பாட்டிக்கு ஜுரம் என்று சொல்லியிருந்தோம். கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது நான். உள்ளேயிருந்து அம்மா, "யார் வந்திருக்கா, யார் வந்திருக்கா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் இரண்டு தடவை இருமினேன்.

முதல் நண்பர் அழுகிற தலையெழுத்து நடைமுறையில் இங்கே இப்படித்தான் வேலை செய்கிறது. பரம்பரை என்ற சொல் நம்மிடம் விஞ்ஞானச் சொல் இல்லை, கல்யாணச் சந்தைச் சொல். ஆகவே மறைக்கிறோம். மறைத்ததால் தேதி தள்ளிப் போகிறது. தள்ளிப்போன தேதியை டாக்டர் எழுதிக்கொள்கிறார். டாக்டர் எழுதியதை எண்ணுகிறவர்கள் எண்ணுகிறார்கள். எண்ணிக்கையைப் பார்த்து, நம் நாட்டில் இது குறைவு என்று சுதேசி நண்பர் கட்டுரை எழுதுகிறார். அதைப் படித்து நாம் திருப்தி அடைகிறோம். சென்னையில் வைத்தியத்துக்கு வழி இல்லாமல் இல்லை. பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனிப் பிரிவை டாக்டர் வி. எஸ். நடராஜன் 1978-இலேயே தொடங்கியாயிற்று. திருவல்லிக்கேணியிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம். கேள்வி கேட்க ஆள் இருந்தார்கள். பதில் சொல்லத்தான் நாங்கள் இல்லை.

இதில் எழுத்தாளர்களுக்கு என்ன என்று கேட்கலாம். எழுத்தாளர்கள்தான் முதல் குற்றவாளிகள். பத்து வருஷமாக நம் பத்திரிகைகளில் வந்த முதுமைக் கவிதைகளை எடுத்துப் பாருங்கள். மறந்துபோன கிழவி குழந்தையாகிவிடுகிறாள். காலத்திலிருந்து விடுதலை பெறுகிறாள். சித்தர் நிலை எய்துகிறாள். நானும் இரண்டு எழுதியிருக்கிறேன், இந்தப் பத்திரிகையிலேயே. புடவை நனைந்ததைக் கூச்சத்தோடு மறைக்கிற மனுஷி குழந்தை இல்லை. தன் வீட்டிலிருந்துகொண்டே வீட்டுக்குப் போக வேண்டும் என்று இரவெல்லாம் தாழ்ப்பாளை அசைக்கிறவள் விடுதலை பெற்றவள் இல்லை. பிள்ளை வீட்டாரிடம் ஜுரம் என்று சொன்னோமே, அதன் இலக்கிய வடிவம்தான் இந்தப் படிமங்கள். அங்கே கதவைச் சாத்தினோம், இங்கே உவமையைச் சாத்துகிறோம்.

அம்மா 2021-இல் போய்விட்டாள். சாமான்களை ஒழித்தபோது அவளுடைய பால் கணக்கு நோட்டுகள் கிடைத்தன. கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு, வருஷத்துக்கு ஒன்று. தேதி, எத்தனை பாக்கெட், பாக்கி. பிழையே கிடையாது. 2011 ஆவணி மாதத்தில் ஒரு பக்கம். ஒரே தேதி மூன்று வரியில் மூன்று தடவை. மூன்றுக்கும் ஒரே கணக்கு. மூன்றாவதற்குப் பக்கத்தில், ஓரத்தில், பென்சிலால், சின்ன எழுத்தில்: 'இதை எழுதியாச்சோ?' இரண்டு பக்கம் தள்ளி மறுபடி அதே கேள்வி. பிறகு பல பக்கங்களில். அடுத்த வருஷ நோட்டில் பென்சில் இல்லை, கேட்பதை நிறுத்திவிட்டாள்.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எங்களுக்கு முன், டாக்டருக்கு முன், தெருவுக்கும் முன் தெரிந்திருக்கிறது. 69 வயதில். கேஸ் கட்டில் 74. கொலம்பியாவில் அபூர்வ மரபணு ஒன்று அந்த 27 பேருக்குத் தந்த ஐந்து வருஷத்தை, எந்த மரபணுவும் இல்லாமல் ஒரு 'ஆமாம் டாக்டர்' மூலம் அம்மாவுக்கு நாங்கள் கொடுத்திருக்கிறோம். அவர்களுக்கு அது வாழ்ந்த ஐந்து வருஷம். அம்மாவுக்கு, தான் தவறிக்கொண்டிருப்பதை யாரிடமும் சொல்ல முடியாமல் பென்சிலைக் கேட்டுக்கொண்டிருந்த ஐந்து வருஷம்.

சுதேசி நண்பருக்கு: உங்கள் வீட்டிலும் நோட்டு இருக்கும், தேடிப் பாருங்கள். முதல் நண்பருக்கு: உங்கள் தாளில் இருக்கிற நான்கு என்ற எண்ணால் நீங்கள் எப்போது மறக்கத் தொடங்குவீர்கள் என்று சொல்ல முடியாது, ஒருவேளை தொடங்கவே மாட்டீர்கள். அப்படித் தொடங்கினால் முதலில் தெரியப்போவது உங்களுக்கு. அன்றைக்கு அதைச் சத்தமாகச் சொல்லுங்கள். கேட்கிறவர்கள் இரும மாட்டோம் என்று நாங்கள் சொல்ல வேண்டும். இந்த இருநூற்றுச் சொச்சம் பேரில் எத்தனை பேர் சொல்வோம் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.